அந்தோணியம்மாள் விட்டுக்கொடுக்காத பெயர்

அடையாற்றுப் பாலத்தின் மேல்தான் செய்தி எங்களை எதிர்கொண்டது. நானும் ரோசாலியும், அவள் இடுப்பில் குழந்தையுமாக, சாந்தோம் குப்பத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தோம். எதிரே சூசையம்மாள் வந்தாள். காலை நேரத்தில் தலையில் மீன்கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "பூட்டாங்க வாத்தியாரே, விடிய சொல்லோ பூட்டாங்க" என்றாள். பிறகு ரோசாலியிடம், "ஒன்னியேதான் கேட்டுக்கினு இருந்துச்சும்மே, உங்கம்மா" என்றாள். ரோசாலி அழவில்லை. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

குப்பத்தாருக்கும் கோவிலுக்கு வருகிறவர்களுக்கும் அந்தோணியம்மாளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டுமரக்காரர் தோமையின் மனைவி. லஸ் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்றவர். பங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான் அவர்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். விளக்கு வைத்ததும் எங்கள் சந்து முழுவதும் அவர்கள் வீட்டில் கூடிவிடும். சுவரில் தேவமாதா படம், அதன் கீழே பாய், எல்லோரும் முழங்காலில். தோமை ஜெபமாலை சொல்ல, நாங்கள் பதில் சொல்வோம்.

அந்தோணியம்மாளின் பக்தியைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் திகைப்பார்கள். மங்கள வார்த்தை மந்திரத்தின் நடுவிலேயே, "தே, அடுப்பைப் பாரும்மே, கொயம்பு தீயிது" என்று மருமகளை அதட்டுவார். அதட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஒருநாள் பொறுக்காமல், "ஜெபத்தில் இப்படிப் பேசலாமா?" என்று கேட்டுவிட்டேன். "மாதாவும் ஊட்ல ஒலை வச்சி ஆக்குனவங்கதானே வாத்தியாரே. கொயம்பு தீஞ்சா அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்திலிருந்த மாதாவும் சிரித்திருக்கலாம்.

ஜெபமாலை முடிந்ததும் பெயர் சொல்வது அந்த வீட்டு வழக்கம். முதலில் உயிரோடிருப்பவர்களுக்காக, பிறகு மரித்தவர்களுக்காக. ஒவ்வொரு பெயரையும் தோமை சொல்ல, அதற்கொரு பரமண்டல மந்திரம். ஒரு பெயர் உயிரோடிருப்பவர்களின் பக்கத்திலிருந்து மரித்தவர்களின் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் ஆள் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். கடலில் போனவனின் உடல் கரை ஒதுங்காதவரை அவன் உயிரோடிருப்பவன்தான். தோமையின் தம்பி மிக்கேல் ஒரு புயலில் போனவன் திரும்பவில்லை. கரையில் பெண்கள் மார்பிலடித்துக்கொண்டு அழுதபோது அந்தோணியம்மாள் அவர்களை அதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. "அழுவாதீங்க. அழுதா செத்துட்டான்னு நாமே சொன்ன மாரி ஆயிடும். பேரைச் சொல்லிக்கினு இருங்க." மிக்கேல் இன்றுவரை கரை ஒதுங்கவில்லை. இன்றுவரை அவன் பெயர் உயிரோடிருப்பவர்களின் பக்கத்தில்தான் வருகிறது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அது நடந்தது. ஒரே மகள் ரோசாலி, அடையாற்றில் தையல் கடை வைத்திருந்த ஒருவனோடு போய், அவன் சபையின் கோவிலிலேயே மணம் செய்துகொண்டாள். அவன் புரொட்டஸ்டாண்டுக்காரன், எங்கள் பேச்சில் பதிதன், அதாவது மெய்யான வேதத்தை விட்டு விலகியவன். இனி அவளுக்குக் கோவிலில் நற்கருணை அப்பம் கிடையாது என்று எங்கள் பங்குச் சுவாமியார் சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கு மேலே போனது தோமைதான். அன்று மாலை மரித்தவர்களின் பெயர்களைச் சொல்லிவந்தவர், தன் தகப்பன், தாய் பெயர்களுக்குப் பிறகு, "ரோசாலிக்காக" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரோ ஒரு குழந்தை பழக்கத்தில் மந்திரத்தைத் தொடங்க, நாங்களும் சேர்ந்துகொண்டோம். அந்தோணியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தோமை உயிரோடிருப்பவர்களை முடித்து மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில், கோவிலுக்கே கேட்கிற குரலில், அந்தோணியம்மாள் "ரோசாலிக்காக" என்றார். தோமை திரும்பிப் பார்த்தார். அந்தோணியம்மாள் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பதில் சொன்னோம். பிறகு தோமை மரித்தவர்களுக்குப் போய் அங்கேயும் அவள் பெயரைச் சொன்னார். அதற்கும் பதில் சொன்னோம். அன்றிலிருந்து வருஷக்கணக்கில் இதுவே நடந்தது. கடல் கொண்டுபோனவன் உயிரோடிருப்பவர்களில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் துணி தைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தவள் இரண்டு பக்கத்திலும். கணவன் மனைவி இருவரும் மற்றபடி சண்டை போட்டதில்லை. அவர் வலை உலர்த்துவார், இவர் கூடை தூக்குவார். மாலையானால் சர்வேசுரன் முன்னிலையில் இந்த ஒரு பெயருக்காக ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

"யாருக்கும் தெரியாமல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்று நானே சொன்னதுண்டு. லஸ்ஸிலிருந்து அடையாறு என்ன பெரிய தூரம்? அந்தோணியம்மாள் கோபித்துக்கொண்டார். "எம் பொண்ண நான் ஏன் திருட்டுத்தனமா பாக்கணும்? அவுரு வாயால வான்னு கூப்புடட்டும். அதுக்குத்தான் தெனம் அவுரு காதுல போட்டுக்கினு கீறேன்." ரோசாலிக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது நான் தோமையிடம் பேசிப் பார்த்தேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "செத்தவளுக்குப் புள்ள பொறக்குமா வாத்தியாரே?" என்றார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது.

பிறகு அந்தோணியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்து ஆளை உருக்கியது. சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைபூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை நோயாளி படுத்திருந்த பாயைச் சுற்றியே முழங்கால் போட்டோம். தோமை உயிரோடிருப்பவர்களைச் சொல்லி முடித்து நிறுத்தினார். அந்தோணியம்மாளின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தோமை காத்திருந்தார். மறுபடியும் உதடு அசைந்தது. நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லத் துணியவில்லை. அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை என்றே நினைத்தோம். கடைசியில் தோமை குனிந்து, மனைவியின் முகத்துக்கு நேராக, "ரோசாலிக்காக" என்றார். சொல்லும்போதே உடைந்துபோனார். மரித்தவர்களின் பக்கத்தில் அன்று அவள் பெயர் வரவில்லை.

விடியுமுன் என் கதவைத் தட்டியவர் அவர்தான். "போய் இட்டாந்துடு வாத்தியாரே. அப்பன் கூப்புட்டான்னு சொல்லு." போனேன். ரோசாலி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பினாள். நாங்கள் பாலத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை எழுதும்போதும் என் மனம் ஆறவில்லை. இவ்வளவு வருஷம் கேட்ட ஒன்று கிடைக்கும்போது ஒரு காலைப் பொழுதாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா? ஆண்டவரிடம் நான் கேட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்த மாலையில் எப்போதும்போல் கூடினோம். தோமை உயிரோடிருப்பவர்களில் மகன்களைச் சொன்னார், மிக்கேலைச் சொன்னார், ரோசாலியைச் சொன்னார். பிறகு அவள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்து நிறுத்தினார். "கொயந்த பேரு இன்னாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். பேத்தியின் பெயர் அவருக்குத் தெரியாது. "தெரேசம்மா, நைனா" என்று தகப்பனிடம் சொன்னாள் ரோசாலி. அந்தப் பெயருக்கும் மந்திரம் சொன்னோம். மரித்தவர்களுக்கு வந்தார். தகப்பன், தாய். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. காலையில் மூச்சு போனவரை மாலைக்குள் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம். வழக்கப்படி பெயர் அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். ரோசாலிதான் சொன்னாள்: "எங்கம்மா அந்தோணியம்மாளுக்காக."

இப்போதும் தினமும் போகிறேன். உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் முடிந்ததும் தோமை கொஞ்சம் நிறுத்துகிறார். சேர்க்க வேண்டிய பெயர் ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் நிறுத்துகிறார். அந்தோணியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இடைவெளிதான். அவர் குரல் வரும் என்று அங்கே நானும் காத்திருக்கிறேன்.