மூன்றாம் நாள் பிற்பகல்

டெல்லியை மூன்று நாளில் பார்த்து முடிக்க நான் போட்ட திட்டத்தில் ஒரு பிற்பகல் காலியாக இருந்தது. முதல் நாள் செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக். இரண்டாம் நாள் நாடாளுமன்றத்தை வெளியிலிருந்து, பிறகு இந்தியா கேட், குதுப்மினார். மூன்றாம் நாள் காலை ராஜ்காட். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உண்மையில் அந்த ஒன்றுமில்லாத பிற்பகலுக்காகத்தான் மற்ற இடங்களையெல்லாம் சேர்த்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம். எங்கள் ஒரே மகளுக்கு ராஜபாளையத்திலிருந்து வரன் வந்திருந்தது. பையனுக்கு டெல்லியில் மத்திய அரசு வேலை, கரோல் பாக்கில் ஜாகை. தகப்பனார் நூல் கமிஷன் வியாபாரி, கடைத்தெருவில் நல்ல பெயர். ஜாதகம் பொருந்தியது. குடும்பம் பொருந்தியது. புகைப்படத்தில் பையனும் லட்சணமாக இருந்தான். நேரில்தான் வரவில்லை. பெண் பார்க்க மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் "லீவு கெடைக்கல" என்று பதில் வந்தது.

இதை என் மனைவி நம்பினாள். வரனைக் கொண்டுவந்த மைத்துனன் இன்னும் அதிகமாக நம்பினான். நான் நம்பாததற்குக் காரணம் என் மேஜை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் தலைமை எழுத்தர். விடுப்பு மனு எதுவும் என் கையெழுத்தில்லாமல் அதிகாரியின் அறைக்குள் நுழையாது. ஒரே மாமனாரை இரண்டு முறை அடக்கம் செய்தவரையும் பார்த்திருக்கிறேன், அம்மை போட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டாள் தேரில் வடம் பிடித்தவரையும் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவனுக்கு மூன்று முறை விடுப்பு மறுத்த அதிகாரியை மட்டும் பார்த்ததில்லை. ஈட்டிய விடுப்பை மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். எழுத்தில் காரணம் சொல்லும் வியாதி எந்த அதிகாரிக்கும் கிடையாது.

"அவன் லீவு கேக்கவே இல்ல" என்றேன் மனைவியிடம்.

"ஒங்களுக்கு யாரைத்தான் சந்தேகமில்ல? பால்காரன் அளக்கும்போதும் எட்டிப் பாக்குத ஆளு நீங்க."

"ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்."

"வேவு பாக்கப் போறோம்னு அவியளுக்குத் தெரிஞ்சா? வந்த வரன் போயிரும். பொண்ணுக்கு இருபத்தஞ்சு நடக்குது, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. போகாவிட்டால் யாரென்று தெரியாதவன் கையில் பெண்ணைக் கொடுக்க வேண்டும். போவது தெரிந்தால் சம்பந்தம் முறியும், அடுத்து வருகிறவனும் ஏன் முறிந்தது என்று கேட்பான். இந்த இடத்தில்தான் சர்க்கார் கைகொடுத்தது. விடுமுறைப் பயணச் சலுகை என்று ஒன்று உண்டு. இந்தியாவில் எந்த மூலைக்கும் குடும்பத்தோடு போய்வரலாம். ஊருக்கெல்லாம் அதை வாங்கிக் கொடுத்த நான் ஒரு தடவைகூட அனுபவித்ததில்லை. இப்போது போனால் யார் கேட்கப்போகிறார்கள்? மார்கழிப் பிறப்புக்குப் பிறகு புறப்படுவதாக மனுக் கொடுத்தேன், நானே சரிபார்த்தேன், முன்பணமும் வாங்கினேன்.

மனைவிக்கு வேறு வருத்தம். டெல்லி வரை போய்விட்டுத் தாஜ்மகாலைப் பார்க்காமல் வருவதாவது என்றாள். ஆக்ராவுக்கு ஒரு முழுநாள் வேண்டும், அந்த நாள் மூன்றாம் நாளாகத்தான் இருக்க முடியும், அதில்தான் கரோல் பாக் இருக்கிறது என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ராஜபாளையத்துக்குச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். அந்த வாரமே பையனின் தகப்பனார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டெல்லிக்குப் போறீகளாமே சார்?"

"ஆமா அண்ணாச்சி. சலுகை காலாவதி ஆகுது, அதான்."

"அதுக்கு முந்தி நிச்சயத்த முடிச்சிருவோமே. மார்கழி பொறந்துட்டா நல்ல காரியம் பேச முடியாதுல்ல."

முன்பணம் வாங்கியாயிற்று, டிக்கெட் எடுத்துக் காட்டியாயிற்று, தேதியை மாற்றினால் அபராத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், ஒரே மாதத்தில் இரண்டு செலவு தாங்காது, தையில் வைத்துக்கொள்வோம் என்றேன். விதிகளைச் சொல்லும்போது என் குரல் நடுங்காது. அவர் தலையசைத்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"யார் யார் போறீக?"

"நானும் வீட்லயுந்தான்."

அவர் தோள் சற்றே இறங்கியதுபோல் எனக்குத் தோன்றியது. காபி கொண்டுவந்த என் மனைவி, "பையனுக்கு ஏதும் குடுத்துவிடணுமா அண்ணாச்சி? வீட்லயே கொண்டுபோய்க் குடுத்துருதோம்" என்றாள். அவள் வேண்டுமென்றேதான் கேட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

"குடுத்துவிடுதேன். அன்னைக்கு ரயிலுக்கே கொண்டாந்திருதேன். ஆனா அவன் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கிடுவான். வீட்டுக்கெல்லாம் நீங்க அலைய வேண்டாம். குளிரு."

மகன் வீட்டுக்கு மனிதர் போவதைத் தடுக்கும் தகப்பனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் தெரு தாண்டியதும் மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். பி.காம். முடித்து டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தச் சலுகையில சம்பாத்தியம் இல்லாத மகளுக்கும் டிக்கெட் உண்டுல்ல?"

"உண்டு."

"கல்யாணம் ஆயிட்டா?"

"கிடையாது."

"அப்ப இதான் கடைசி. என் பேரையும் சேருங்க."

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றாள் அவள் அம்மா. "பேச்சு நடக்குத பொண்ணு மாப்பிள்ள ஊருக்குப் போவாளா? ஊரு சிரிக்கும்."

"அப்பா போயி என்னத்தப் பாப்பாக? மாப்பிள்ளயோட சர்வீஸ் புக்கப் பாத்துட்டு வருவாக. கூட இருக்கப் போறது நானு. நானே பாக்கேன்." பிறகு என்னிடம், "தப்பான ஆளுன்னா, தாலி கட்டுன பொறவு எந்த ரூலப்பா என்னையக் காப்பாத்தும்?"

எனக்குத் தெரிந்த விதிகளில் அப்படி ஒன்று இல்லை. மறுநாள் அவள் பெயரைச் சேர்த்தேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு மூன்றாவது படுக்கை கேட்டு ஸ்டேஷனிலிருந்து தந்தி போனது. பதில் வரும்வரை நான் சாப்பிட்டது எதுவும் ருசிக்கவில்லை. வந்த பிறகும் ருசிக்கவில்லை.

அடுத்த கவலை குளிர். எங்கள் ஊர்க் கடைகளில் ஸ்வெட்டர் கேட்டால் குழந்தைத் தொப்பியை எடுத்துப் போடுவார்கள். வன்னியம்பட்டியில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ஒருவர் இரண்டு கம்பளிச் சட்டைகள் இரவல் தந்தார். மூன்றாவதாக ஒன்று கேட்டபோது, தன் பழைய பச்சை ராணுவ ஸ்வெட்டரைக் கொடுத்தார். அது மகளுக்கு முழங்கால்வரை வந்தது. பெட்டியில் அடங்காததால் புறப்படும் அன்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்துச் செங்கோட்டை ஊரிலிருந்து வரும் ரயில் ராஜபாளையத்தைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்கு வரும். அந்த ரயிலிலேயே வந்து இறங்கினார் பையனின் தகப்பனார், கையில் மஞ்சள் பை. எங்களைப் பார்த்துச் சிரித்தார். மகளைப் பார்த்தும் சிரித்தார். வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். பிறகு ஸ்வெட்டரைப் பார்த்தார். எங்கள் ஊர் மார்கழிக்கு யாரும் வழியனுப்ப ஸ்வெட்டர் எடுத்து வருவதில்லை.

"பிள்ளையும் வருதா?" என்றார். குரலே மாறிவிட்டது.

"ஆமா மாமா" என்றாள் மகள். "பையக் குடுங்க, நான் வச்சுக்கிடுதேன்."

அவர் கொடுக்கவில்லை. நான் பெட்டிகளை ஏற்றிவிட்டு, அவர்கள் இருவரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கினேன். கார்டு பச்சைக் கொடியைக் கையில் எடுத்துவிட்டார். பையனின் தகப்பனார் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஒங்க ரெண்டு பேரையும் ஸ்டேஷன்லயே பாத்துப் பேசி அனுப்பிருவான்னு நெனச்சேன் சார். கல்யாணம்னு ஒண்ணு ஆயிட்டா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவான்னு வீட்ல சொன்னாக, நானும் தலையாட்டுனேன்." "அந்த வீட்ல வேற ஒருத்தி இருக்கா. கைப்பிள்ளையும் இருக்கு. இந்தப் புள்ளைய அங்க கூட்டிட்டுப் போயிராதீக. ஊரச் சுத்திப் பாத்துட்டு வாங்க."

அவரைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இருந்தது, நேரம்தான் இல்லை. ரயில் அசைந்தது. ஓடி ஏறினேன். அவர் அந்தப் பையைப் பிடித்தபடி நடைமேடையிலேயே நின்றார்.

உள்ளே இரண்டு முகங்களும் என்னையே பார்த்தன. சொன்னேன். சுருக்கமாக, அவர் சொன்ன வரிசையிலேயே. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த பெட்டியில் யாரோ சீட்டு விளையாடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. மடியிலிருந்த ஸ்வெட்டரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

விருதுநகர் வந்து வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மூணாம் நாள் மத்தியானம் இப்ப சும்மாதான இருக்கு?"

"இருக்கு."

"காலையில ராஜ்காட்டையும் விட்டுட்டா, அம்மா கேட்ட எடத்துக்குப் போயிட்டு வந்துரலாம்ல?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மனுவில் எழுதிய ஊர் டெல்லி. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்குப் போகும் பஸ் கட்டணத்துக்குச் சலுகை கிடையாது, ஒரு பைசா பெயராது. அதை விதி எண்ணோடு சொல்ல வாயெடுத்தேன்.

"போலாம்" என்றேன்.