போன் அறிந்த முகம்

நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் இப்போது அந்த மீன்கடை இல்லை. அங்கே விற்ற அக்காவின் பெயரையும் நான் கேட்டதில்லை. நெற்றியில் நாணயம் அளவுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருப்பார். தேனாம்பேட்டை ஓட்டல்களின் ஆர்டர்கள் அவர் போனுக்குத்தான் வரும். மீன் அரிந்து அரிந்து ரேகை தேய்ந்த விரலைப் போன் ஏற்காது. அதனால் பொட்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தைக் காட்டித் திறப்பார்.

அவர் கணவர் இறந்த அடுத்த மாதம் போயிருந்தேன். பொட்டு அப்படியே இருந்தது. நாத்தனார் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணனே போய்ட்டாரு. இன்னும் இன்னாத்துக்கு அண்ணி பொட்டு?”

“இத்தோடதான் போன்ல மூஞ்சி பதிஞ்சி கீது. அழிச்சா தொறக்காது. அப்பால யாபாரம் எப்டி நடக்கும்?” என்ற அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். “நீதான் போன் பாதுகாப்பு ஆபீசுல கீற. சொல்லு நைனா.”

பொட்டு இல்லாவிட்டாலும் திறக்கும். அதையெல்லாம் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

“ஆமாக்கா, தொறக்காது” என்றேன்.

நாத்தனார் முணுமுணுத்தபடி போய்விட்டார். அக்கா எனக்கு வஞ்சிரம் அரியத் தொடங்கினார். நடுவில் வியர்வையை முந்தானையால் துடைத்ததில் பொட்டு முழுக்க அழிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆர்டர் வந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தார். உடனே திறந்துகொண்டது.

அவருக்கு முன்பே தெரியுமோ, அன்றுதான் தெரிந்ததோ, நான் கேட்கவில்லை. அவர் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, அதையே கண்ணாடியாக்கி, முன்னைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டார்.