வாரேன், மேடம்

காலேஜ் அந்த வகுப்புக்கு வைத்த பெயர் ரெமெடியல். பிள்ளைகள் வைத்த பெயர் மருந்து கிளாஸ். காலையில் முதல் லெக்சருக்கு முன்னால், கான்டீனில் அடுப்புப் பற்ற வைக்கும் நேரத்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் அதை நடத்துகிறேன். சாவி என்னிடம்தான். பன்னிரண்டாவது பாஸ் பண்ணியும் ஒரு பாராவைப் படித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வராத பிள்ளைகளுக்கான வகுப்பு அது. வராமல் டபாய்க்கிறவர்களைக் காரிடாரில் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவேன். எனக்கு அதிலெல்லாம் வெட்கம் கிடையாது.

இத்தனை பேர் வந்து போன அறையில் ஒருத்தியை மட்டும் காலையில் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அவள் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வருவாள். பத்தாவது வரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு ஒரே நாளில் எல்லாம் இங்கிலீஷ். கைடை உருப்போட்டே பன்னிரண்டாவதைத் தாண்டிவிட்டாள். டிகிரி முதல் வருஷத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. இங்கிலீஷில் ஏடிகேடி. ஃபெயிலான பேப்பரைத் தலையில் சுமந்துகொண்டே மேல் வகுப்புக்குப் போகலாம் என்பதற்கு மும்பையில் அந்தப் பெயர். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுமே, நான் விடுவேனா?

"ஏடி கேடி, வா உள்ளே" என்றேன். முதலில் முறைத்தாள், அப்புறம் சிரித்துவிட்டாள்.

அவள் அப்பாவுக்குப் பை தைக்கும் கார்கானாவில் வேலை. இந்தத் தடவையும் பேப்பர் போனால் காலேஜுக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கார்கானாவுக்கு வா என்று சொல்லியிருந்தார். அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "நல்லாத் தைப்பேன் மேடம், அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு ஆபீஸுக்குப் போவணும்" என்றாள். அந்த 'போவணும்' எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

முதல் நாள் வகுப்பு முடிந்ததும் வாசலில் திரும்பி நின்று, "ஐ ஆம் கமிங், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். என் டீ ஆறிப்போனது, பெல்லும் அடித்தது. ஆளைக் காணோம். மறுநாள் வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி, கமிங்னு சொல்லிட்டுப் போனே, வரவே இல்லையே?"

"வந்துட்டேம்லா மேடம். இந்தா நிக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டிலும் செருப்பை மாட்டும்போது வரேன் என்றுதான் சொல்வோம். அவள் தமிழில் சொல்லியிருந்தால் நான் பாட்டுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருப்பேன். இங்கிலீஷில் சொன்னாள், நானும் இங்கிலீஷ்காரி மாதிரிக் காத்திருந்தேன். போகும்போது ஐ ஆம் கோயிங் என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"போறேன்னு யாராவது சொல்லுவாங்களா மேடம்? எங்கம்மை கேட்டா வாயிலயே போடுவா. மராட்டிக்காரங்ககூட யேத்தேன்னுதான சொல்லுதாங்க, அதுவும் வாரேன்தான? இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் ஏன் இப்படிப் புத்தி போவுது?"

கேட்ட கையோடு அவளே அடுத்த பாராவைத் திறந்துவிட்டாள்.

என் பாடமுறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாராவைப் படி, புத்தகத்தை மூடு, உன் வாய்க்கு வருகிற பாஷையில் சொல். அவள் படித்து மூடிவிட்டு, "கடக்காரன் ஒருக்க ஏமாத்திட்டான்னா அந்த ஆளு பொறவு வரமாட்டான். இதத்தான் மேடம் இம்புட்டு நீட்டிக் கெடக்கான்" என்பாள். சரி, இதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாகச் சொல் என்பேன். முதலில் தடுக்கி விழுந்தாள். பிறகு நடந்தாள். மழைக்காலத்தில் முழங்கால் வரை நனைந்து வந்து, துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே வாசிப்பாள். எனக்கும் அந்த அறைக்கு வருவது வேலையாகத் தோன்றவில்லை. காலையில் கண் விழித்ததுமே, இன்றைக்கு என்ன சொல்லிச் சிரிக்க வைக்கப்போகிறாளோ என்று இருக்கும்.

பேப்பரில் பாஸானாள். காரிடார் முழுக்கக் கேட்கும்படி, "மேடம், கேடி போயாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். மருந்து இனித் தேவையில்லை என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. டிகிரி முடிகிற வரை தினமும் எட்டிப் பார்த்து, புதுப் பிள்ளைகளை அதட்டிவிட்டு, "ஐ ஆம் கமிங், மேடம்" சொல்லிவிட்டுத்தான் லெக்சருக்குப் போவாள். தப்பு என்று அவளுக்கும் தெரியும். வேண்டுமென்றேதான் சொல்வாள்.

கடைசி வருஷம் முடிந்ததும் தாணேயில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. டப்பாவில் பேடா வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். இன்டர்வியூவில் கேட்டதையெல்லாம் இங்கிலீஷிலேயே எனக்கு நடித்துக் காட்டினாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேடா வாயில் இருந்ததால் அழாமல் தப்பித்தேன்.

பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் வழக்கம்போலத் திரும்பினாள். ஒரு நொடி யோசித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

"ஐ ஆம் கோயிங், மேடம்" என்றாள்.

"வெரி குட்" என்றேன். வாக்கியத்தில் பிழை இல்லையே, வேறு என்ன சொல்ல?

தாணே ஒன்றும் கண்காணாத சீமை இல்லை. மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ரயிலில் ஏறினால் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் அவள் வரவில்லை. பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் பானை பொங்கும் படம் வருகிறது, நானும் கரும்புப் படம் அனுப்புகிறேன். அவளுக்கு வேலை இருக்கும், வீடு இருக்கும், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றாள், போனாள். இதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டதும்? இருந்தாலும் காலேஜ் பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளில் கூட்டத்துக்கு நடுவே அவள் நடையில் யாராவது போனால் என் கால் தானாக வேகம் எடுக்கிறது. அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வருஷமும் தாராவியிலிருந்து ஒரு பெண் மருந்து கிளாஸுக்கு வந்திருக்கிறாள். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் வாசலில் திரும்பி, "ஐ ஆம் கமிங், மேடம்" என்றாள். வாய் வரை வந்த 'கோயிங்'கை விழுங்கிக்கொண்டு, "சரிடி, வா" என்றேன். அவள் போன பிறகும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.