வெள்ளிக்கிழமையும் ஒரு பெட்டி சில்வண்டும்

கோலாக் கரடி ஒன்றின் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டு, யூக்கலிப்டஸ் இலை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நகர நடுவிலுள்ள பொலிதேயாமாவிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் தோன்றியது: எனக்கு இந்த வேலைதான் வேணும். எங்கள் சீசா தரிப்பில் இறங்குவதற்குள் அவுஸ்திரேலியாவில் எங்கே படிக்கலாம் என்று தேடி முடித்துவிட்டேன்.

இறங்கி நடந்தால், எங்கள் கட்டட வாசலில் ஒரு கறுத்தக் குருவி நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. உழவாரன் குஞ்சு, இஞ்சை ரொந்தோனே என்பார்கள்; நிலத்திலிருந்து எழும்பாது, உயரத்திலிருந்துதான் பறக்கும். சப்பாத்துப் பெட்டியில் வைத்து மேலே கொண்டுபோனேன். நான் ஃபோனில் தேடிக்கொண்டிருக்க, அம்மா பாலில் நனைத்த பாணை ஊட்டிவிட்டார்.

அடுத்த நாள் வனவிலங்கு ஆஸ்பத்திரியில் இருந்த பெண், எல்லாரும் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், பாண் என்றதும் தலையில் கைவைத்தார். பூச்சி மட்டும்தானாம். செட்டை முறியவில்லை, கண்டல்தான். அங்கே பெட்டிக்கு மேல் பெட்டி, இடமில்லை. உறைந்த சில்வண்டு ஒரு பெட்டியும் குறடும் தந்து, "வீட்டிலை வளர். காத்திலை எறிஞ்சு மட்டும் பாக்காதை" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா ஃப்ரீசரைத் திறந்தார்.

"உதென்ன?"

"சில்வண்டு, அம்மா. மருந்து மாதிரி."

"விளக்கேத்திற வீட்டிலை, வெள்ளிக்கிழமையிலை, செத்த பூச்சியோ?"

அப்பா சோபாவிலிருந்து, "முருகன்ரை மயில் என்ன, புட்டே சாப்பிடுது?" என்றார்.

"அது வெளியிலை சாப்பிடட்டும். என்ரை ஃப்ரிட்ஜுக்கை வேண்டாம்."

சிரித்தேன். பிறகு குறடால் அலகைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளும்போது சிரிப்பு வரவில்லை. ஒரு உயிருக்காக எத்தனை? கோலா இலை தின்னும். அந்த வீடியோவில் எவரும் எதையும் கொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்ததோ? சனிக்கிழமை அம்மாவே மீன் பையைத் தள்ளிப் பெட்டிக்கு இடம் விட்டார். வெள்ளிகளில் மட்டும் அது கீழ் வீட்டு ஃப்ரீசருக்குப் போய் வந்தது. அம்மாவா அப்பாவா, யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்று கிழமை நன்றாகத் தின்றது. நேற்றிலிருந்து அலகைத் திறக்க மறுக்கிறது. செட்டையை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. ஆஸ்பத்திரிக்குப் படம் அனுப்பிவிட்டு அழைத்தேன். சிஞ்ஞோராதான் எடுத்தார்.

"செட்டை வளந்திட்டுது. பறக்க வெளிக்கிடுதாக்கும். வருத்தமாயும் இருக்கலாம்."

"ரெண்டிலை எது?"

"உன்ரை கையிலை வைச்சுப் பார். பறக்காட்டி இஞ்சை கொண்டுவா."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலமை பெட்டியோடு புல்வெளிக்குப் போறன். அம்மாவும் வாறாவாம். உள்ளங்கையில் வைத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கவேணும், எறியாமல். மிச்சச் சில்வண்டை இன்னும் கொட்டவில்லை. கீழ் வீட்டில் இருக்கட்டும்.