மூன்றாவது ஸ்விட்ச் பெட்டி

என் மூத்த மருமகனை எல்லோரும் நூல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயரிங் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு நூல் டப்பா இருக்கும், அதற்குள் நீலப் பொடி. நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நீலக் கோடு விழும். அந்தக் கோட்டில்தான் ஸ்விட்ச் பெட்டி உட்காரும். அந்த நீலம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். தலையணை உறையில் இருக்கும், தட்டின் விளிம்பில் இருக்கும், ஒருநாள் என் பெண்ணின் கன்னத்தில்கூட இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தங்கமான மனிதர். ஆனால் பொறாமைக்காரர். இதை மறைத்துச் சொல் என்று என் பெண் சொன்னாள். மறைத்தால் பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது? பொறாமையைக் கழித்துவிட்டால் அவர் கதையில் மிஞ்சுவது வெறும் வயர்தான்.

பொறாமை யார் மேல் என்றால், என் சின்ன மருமகன் மேல். அவர் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். நாங்கள் சீலிங்காரர் என்போம். சகலைகள் இருவரும் பல கட்டடங்களில் ஒன்றாக வேலை பார்ப்பார்கள். சீலிங்காரர் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை கட்டுவார், நூல்காரர் அதில் விளக்கு மாட்டுவார். பத்து வருடம் ஒரு வம்பும் இல்லை. வம்பை ஆரம்பித்து வைத்தது என் வாய்தான்.

நான் மூத்த பெண்ணோடு இருக்கிறேன். என் அறையில் மருந்து டப்பா வைக்க ஒரு பலகை அடிக்க வேண்டும் என்று நூல்காரரிடம் மூன்று மாதம் சொன்னேன். ஊருக்கெல்லாம் ஓடுகிறவருக்கு உள்வீட்டு வேலைக்குக் கை வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவர் வந்து, "நான் அடிச்சுத் தரேன் அத்தை" என்று வண்டியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். முக்காலி மேல் வைத்தார், எதையோ தட்டினார். அவ்வளவுதான், சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சையாக ஒரு கோடு ஓடியது.

"அடேயப்பா! தொட்டா கையில ஒட்டிக்கும் போலிருக்கே!" என்றேன்.

"லேசர் லெவல், அத்தை. நூல் வேணாம், தண்ணிக் குழாய் வேணாம். அதுவே மட்டம் பாத்துக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூத்தவர்னா குழாயில தண்ணி ரொப்பி, ஆளைப் பிடிக்கச் சொல்லி, அரைநாள் ஆக்கியிருப்பார்" என்று சொல்லிவிட்டேன். மூத்தவர் பின்னால் வாசற்படியில் நின்றிருந்தார்.

சின்னவர் சும்மா விளையாட்டாகக் கோட்டை மேலே ஏற்றினார். அந்தச் சுவரில் மூன்று ஸ்விட்ச் பெட்டிகள் வரிசையாக உண்டு, நூல்காரர் கையால் வைத்தவை. பச்சைக் கோடு முதல் பெட்டியின் தலையைத் தொட்டது. இரண்டாவதை உரசிக்கொண்டு போனது. மூன்றாவதற்கு மேலே ஒரு நகக்கனம் இடைவெளி.

"அண்ணே, இது கொஞ்சம் எறங்கியிருக்கு போல" என்றார் சின்னவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நாக்கில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

நூல்காரர் மூன்றாவது பெட்டியைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட இலட்சணத்தைப் பார்த்து, சாப்பாட்டில் உப்பு இல்லையோ என்று என் பெண் தொட்டு ருசி பார்த்தாள்.

மறுவாரம் வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. ஒரு பெரிய நூலகக் கூடத்தில் இருவருக்கும் வேலை. சீலிங் முழுக்க நாற்பது வட்ட விளக்கு, வரிசைக்கு எட்டு. விளக்குக்குக் குறி போடுவது இத்தனை வருடமாக நூல்காரர் வேலை. இன்ஜினியர் அம்மா வந்து, "குறி எல்லாம் சீலிங்காரரே போட்டுடட்டும். அவர்கிட்டதான் லேசர் இருக்கே. நீங்க வயரை இழுத்து மாட்டிடுங்க, போதும். அடுத்து வர்ற மூணு மாடிக் கட்டடத்துலயும் இப்படியே வச்சுக்கலாம்" என்றுவிட்டார்.

குறி போடாத வயர்மேன் யார்? இன்னொருத்தன் காட்டிய இடத்தில் ஓட்டைக்குள் கையை விடுகிறவன். அவர் இதை இப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "எனக்கும் ஒரு பெட்டி வாங்கணும். அவனோடதைவிடப் பெருசா."

கோபத்தில் எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று என் பெண் பயந்தாள். அதனால் நானும் கூடப் போனேன். மாமியாரும் மருமகனும் வேலைச் சாமான் கடைக்குப் போனதை அந்தத் தெருவே பார்த்தது. பார்க்கட்டுமே.

கடையில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று சிவப்புக் கோடு போடுவது. இன்னொன்று பச்சைக் கோடு போட்டு, தலைக்கு நேர் மேலே ஒரு பொட்டு, காலுக்கு நேர் கீழே ஒரு பொட்டு வைப்பது. மூன்றாவது உருளை மாதிரி பெரியது. அறையைச் சுற்றியும் குறுக்கிலும் நெடுக்கிலும் பன்னிரண்டு கோடு போடும்.

"இதைக் குடுங்க" என்று நூல்காரர் உருளையைத் தொட்டார்.

"என்ன வேலைக்கு அண்ணே?"

"என் சகலை என்ன வச்சிருக்கான்னு தெரியுமா?"

"உங்க சகலையையே எனக்குத் தெரியாதே!"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். சீலிங் விளக்குக்குக் குறி, சுவரில் பெட்டிக்குக் குறி, இதுதான் வேலை. "அப்படின்னா இந்தப் பொட்டு வைக்கிறது போதும். தரையிலயே அளந்து குறி போட்டுக்கோங்க. குறி மேல கீழ்ப்பொட்டு விழற மாதிரி வைங்க. மேல்பொட்டு எங்க விழுதோ, அங்க விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் ஏணி ஏறி தூக்குக்குண்டு விட வேணாம். சிவப்புக் கோடு பகல் வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது, பச்சை தெரியும். அந்தப் பெருசு உங்களுக்கு வீண்."

"பெருசுன்னா பெருசுதானே?" என்றார் நூல்காரர்.

"மாப்ளே, முழங்கால் வலிக்குதுன்னு தைலம் தேய்க்கிறது நீங்கதானே? ஏணி ஏற வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. காதுல விழலையா?" என்றேன்.

அரை மனதோடு பொட்டுப் பெட்டியை எடுத்தார். "இது சரியா காட்டுதான்னு எப்படித் தெரியும்?"

அவள் பெட்டியை ஸ்டூலில் வைத்து எதிர்ச் சுவரில் கோடு விழச் செய்தாள். கோட்டின் இடது நுனி பட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு ஸ்டூலை அசைக்காமல் பெட்டியை மட்டும் மெல்லத் திருப்பி, வலது நுனியை அதே புள்ளிக்குக் கொண்டுவந்தாள். சரியாகப் புள்ளி மேலேயே நின்றது. "மேலயோ கீழயோ போச்சுன்னா பெட்டி பொய் சொல்லுதுன்னு அர்த்தம். இன்னொண்ணு அண்ணே, எடுத்துட்டுப் போறப்ப இந்தத் திருகைப் பூட்டிடுங்க. உள்ள ஒரு குண்டு தொங்குது. பூட்டாம வண்டியில மாட்டினா இடிபட்டு இடிபட்டு அதுக்குக் கோணல் விழுந்துடும்."

நூல்காரர் முகம் ஒரு மாதிரி ஆனது. சின்னவர் அன்றைக்குப் பெட்டியைப் பையில் போட்டு வண்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வந்தார், அப்படியேதான் போனார். திருகைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. இவருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என் சுவரில் மூன்று பெட்டிகளுக்கும் நேராகப் புதுக் கோட்டை விட்டார். மூன்றின் தலையையும் ஒரே மாதிரி தொட்டது. நம்பாமல் தண்ணிக் குழாயை எடுத்து என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். குழாயின் இரண்டு முனையிலும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் தண்ணீரும் அதையே சொன்னது. மூன்றாவது பெட்டி இறங்கவே இல்லை.

"அத்தே! பொய் சொன்னது அவன் பெட்டி!"

அந்தச் சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல? பேத்தி பிறந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"உடனே போய் அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். "கூடத்துல சுத்துப்பட்டி அடிக்க ஆரம்பிச்சாச்சே." சீலிங் உட்காருவதற்குச் சுவரைச் சுற்றி முதலில் ஒரு தகரப் பட்டி அடிப்பார்கள். அது கோணினால் கூரையே கோணும்.

"அவனே கண்டுபிடிக்கட்டும். என்னை எல்லார் முன்னாலயும் சொன்னான் இல்ல?"

"எல்லாருமா? நான் ஒருத்திதானே இருந்தேன்."

"நீங்கதான் எல்லாரும்."

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போனார், சகலை கோணலாகப் பட்டி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே குழாய்க்குள் வயரை இழுத்தார், வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் சின்னவர் என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். பெட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பட்டி நாலு சுவரையும் சுற்றி வந்துவிட்டதாம். நாலாவது மூலையில் தொடங்கிய இடத்தோடு சேரவில்லையாம். இரண்டு விரற்கடை பிசகு. பூச்சு வேலைக்காரனைத் திட்டினாராம், சுவர் மேல் பழி போட்டாராம், மறுநாள் காலையில் சீலிங் பலகை ஏற்ற வேண்டுமாம்.

"அண்ணன் வந்து ஒரு தடவை கண்ணால பாத்தா போதும் அத்தை, தப்பு எங்கன்னு சொல்லிடுவார். கேக்க வெக்கமா இருக்கு. அவர் கண்ணு எனக்கு வராதுன்னுதான் இந்தப் பெட்டியையே வாங்கினேன்."

கதவுக்குப் பின்னால் நூல் டப்பா கீழே விழும் சத்தம் கேட்டது. நூல்காரர் உள்ளே வந்தார். முட்டியில் நீலம், முகத்தில் ஈயாடவில்லை.

"பெட்டியை முக்காலி மேல வை" என்றார். "இடது நுனிக்குப் புள்ளி வை. இப்ப திருப்பு."

சின்னவர் திருப்பினார். வலது நுனி புள்ளிக்கு நகக்கனம் மேலே நின்றது. சின்னவர் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார், அதே இடம்தான். சுவரில் மூன்றாவது ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தார்.

"அது எறங்கல" என்றார் நூல்காரர்.

"எப்ப அண்ணே தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது, எனக்கு மட்டும்தானே. "முந்தாநேத்து" என்றார்.

"ரெண்டு சுவர்ப் பட்டி அதுக்கப்புறம் அடிச்சது அண்ணே."

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

சின்னவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீ போடட்டுமா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நூல்காரர் அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்தான், மனசு வரவில்லை.

மறுநாள் நடந்தது எனக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னது. விடிந்ததும் நூல்காரர் முதல் ஆளாகக் கூடத்துக்குப் போய்ப் பட்டியைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறார். ஏணியில் அவரே, முழங்கால் வலியோடு. சின்னவர் வந்து பார்த்தார், அடுத்த சுவரில் ஏறினார். புதுப் பெட்டியை நடுவில் வைத்து மதியத்துக்குள் பட்டியைத் திரும்ப அடித்து முடித்தார்கள். நாலாவது மூலை சேர்ந்தது. இன்ஜினியர் அம்மா வந்து, "ஏன் இன்னும் பலகை ஏறல?" என்றார்.

"பட்டி பிசகிடுச்சு. நான் ரெண்டு நாள் முன்னாலயே சொல்லியிருக்கணும், சொல்லல" என்றார் நூல்காரர்.

"என் லேசர் கெட்டுப்போச்சு மேடம். இது அண்ணனோடது" என்றார் சின்னவர். "லைட்டுக்குக் குறி அண்ணனே போடட்டும். தரையில போட்டாலே மேல பொட்டு விழுது."

நாற்பது விளக்குக்கும் நூல்காரரே குறி போட்டார். மூன்று மாடிக் கட்டடத்திலும் குறி அவர் கையில்தான். சின்னவர் ஒரு மாதம் எங்கள் வீட்டில் டீ குடிக்கவில்லை, அப்புறம் குடித்தார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், அதெல்லாம் எங்கே போகும்? போன வாரம் நூல்காரர் வேலை முடிந்து வந்து என் அறை வாசலில் நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அத்தே, அவன் புதுசு வாங்கிட்டான். அந்த உருளை. பன்னெண்டு கோடு."

"உங்களுக்கு எத்தனை கோடு வேணும் மாப்ளே?"

"ஒண்ணு போதும்" என்றார். சொல்லிவிட்டு டப்பாவிலிருந்து நூலை இழுத்து, என் சுவரில் மூன்று ஸ்விட்ச் பெட்டிகளின் தலையையும் தொடும்படி பிடித்துச் சுண்டிவிட்டுப் போனார். நீலக் கோடு. என் பெண் துணியோடு துடைக்க வந்தாள். தொடாதே என்றேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.