படிவத்தில் நான் போட்ட "ஆம்"

கொரோனாவுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது என்று அப்போது ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் சொன்னேன். மாதச் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மகன் லேப்டாப்பில் படித்தான். கீழே நான் போனில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். நெட் சரியில்லை என்று இருவரும் மூக்கால் அழுதோம்.

நான் செல்லூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். ஊரடங்கின் தொடக்கத்தில் மேலிருந்து ஒரு படிவம் வந்தது: மாணவி வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா, இல்லையா? எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "ஆம்" போட்டால் வேலை முடிந்தது. "இல்லை" போட்டால் விளக்கம் எழுத வேண்டும். அந்த நினைப்போடுதான் எல்லா வீட்டுக்கும் வரிசையாகப் போன் போட்டேன். ஒரு விசைத்தறித் தொழிலாளி எடுத்தார்.

"வீட்ல போன் இருக்காண்ணே?"

"இருக்கு டீச்சர். அதுலதான பேசுறேன்."

ஆம் போட்டேன். அவர் மகள் கணக்கில் கெட்டிக்காரி. பலகையில் நான் தப்புச் செய்தால் எழுந்து சொல்லும் ஒரே பிள்ளை. போன் வகுப்புக்கு அவள் ஒருநாளும் வரவில்லை. சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன்.

தறி நின்றுபோன அந்த அண்ணன், பரவை மார்க்கெட்டில் காய் எடுத்து மொபெட்டில் எங்கள் தெருவுக்கு விற்க வந்தார். பின்னால் அவள், மடியில் தராசோடு.

"கிளாசுக்கு ஏன்டி வரல?"

"எப்படி டீச்சர் வர? அப்பா வச்சிருக்கது பட்டன் போனு."

அதற்குள் அடுத்த உத்தரவு வந்திருந்தது. "இல்லை" என்று இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் டேப்லெட். தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஓடினேன்.

"பட்டியல் போயிருச்சு டீச்சர். மாத்தணும்னா, நாந்தான் விசாரிக்காம நிரப்புனேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். மெமோ வரும். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். எழுதவில்லை. அரைப் பக்கக் கடிதம் அது. என் பழைய போன் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. கொடுத்தால் ஏன் என்று பேச்சு வருமே என்று அதையும் தொடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பரீட்சை இல்லாமல் எல்லோருக்கும் பாஸ் என்றது அரசு. ஒரு வருஷம் முழுக்கப் படித்த என் மகனும் பாஸ், ஒரு பாடமும் கேட்காத அவளும் பாஸ். இதற்குப் பெயர் சமத்துவமாம்.

பள்ளி திறந்ததும் வந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. பலகையில் நான் தப்பாக எழுதிய நாளிலும் தலை நிமிரவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்கு முன் அவள் அப்பா டி.சி. கேட்டு வந்தார். மகள் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போகிறாளாம்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து என் மேசைமுன் நின்றார்.

"தப்பு எம்மேலதான் டீச்சர். நீங்க அம்புட்டு அக்கறையாப் போன் போட்டுக் கேட்டீக. நாந்தேன் வெவரமில்லாம இருக்குன்னுட்டேன். புள்ளைக்கு வரவேண்டியதக் கெடுத்துப்புட்டேன்."

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் சிஸ்டர் இருந்தார்.

"விடுங்கண்ணே, தெரியாமத்தான சொன்னீங்க" என்று அவரை மன்னித்து அனுப்பினேன்.