நீ முதல் குடி, பிள்ளை

தேத்தண்ணியில் ஒரு கைப்பு இருந்தது. வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்காக நான் விரதம் பிடித்திருந்த நாட்கள் அவை. டொக்டர் தந்த குளிசை மாத்திரையும் வாயில் படக்கூடாது என்று நானாகவே நிறுத்தியிருந்தேன். அது என் பிழை. அம்மனும் கேட்கவில்லை, டொக்டரும் சொல்லவில்லை.

எனக்கு இருப்பது சைக்கோசிஸ் (இல்லாததை உண்டென்று மனம் அடித்துச் சொல்லும் நோய்; எங்கள் பேச்சில் வருத்தம்). முதலில் நித்திரை போகும். பிறகு எல்லார் முகமும் கள்ள முகமாய்த் தெரியும். அதனால் கைப்பைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால், "தொடங்கிட்டுது" என்பார்கள்.

நாலாம் நாள் கோப்பையின் உள் ஓரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. என் மகள் சுகந்தி பக்கத்தில் நின்றாள்.

"ஆறுது அம்மா, குடியுங்கோவன்."

"நீ முதல் ஒரு மிடறு குடி, பிள்ளை."

"விரதக்காரருக்கு எச்சில் தரலாமோ?" என்று சிரித்தபடி கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

அதற்குப் பிறகு அவள் கையால் பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை. என் கண்முன் வெட்டிய இளநீர் மட்டும்தான். கடைசியில் அயலாட்கள் சேலையால் என் கையைக் கட்டி, வான் வண்டியில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

சுகம் வந்த பிறகு கிளினிக்கில் டொக்டரம்மா சொன்னா, "சந்தேகம் இந்த வருத்தத்தின்ர குணம், அம்மா." நான் ஆட்களுக்கு முன்னால் கதைக்கிற ஆள் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப அந்தத் தூள்?"

சுகந்தி அழத் தொடங்கினாள். "வேற என்ன செய்யிறது டொக்டர்? குளிசையை இடிச்சுத் தேத்தண்ணியில போட்டனான்."

டொக்டரம்மா பேனையை மூடி வைத்தா. பிறகு, "உங்களுக்கு வருத்தமும் இருந்தது. நீங்கள் சந்தேகப்பட்டதும் சரி" என்றா. சுகமாய் இருக்கும்போதே, சுகமில்லாத நாளில் என்ன செய்யவேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னா.

அதையும் நான் நம்பவில்லை. "என்னட்டைக் கையெழுத்து வாங்கி, பிறகு எனக்கே எதிராய்க் காட்டவோ?"

"சட்டத்தில இதுக்கு எவ்வளவு பெலன் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனால் உங்கட கிளினிக் கொப்பியில ஒட்டி வைப்பன்."

நான் அஞ்சாம் வகுப்புத்தான் படித்தவள். எழுத ஒரு கிழமை எடுத்தது. சாப்பாட்டில் ஒன்றும் கலக்க வேண்டாம், குளிசையைக் கையில் தாருங்கள், கட்ட வேண்டாம் என்று எழுதினேன். கடைசி வரிக்குத்தான் கை ஓடவில்லை. மூன்று இரவு நித்திரை இல்லையென்றால், நான் மாட்டேன் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சுகந்தி வாசித்தாள். "பிறகு என்னைத் திட்டக்கூடாது."

"திட்டுவன். அதை நீ காதில எடுக்காதை."

அடுத்த வருசம், விரதத்தின் நடுவில், குளிசை குடித்தும் நித்திரை போனது. மூன்றாம் இரவு கழிந்த காலமை அவள் கொப்பியை விரித்தாள். "இது என்ர எழுத்தில்லை, கள்ளி!" என்று கத்தினேன். அப்போது அதை உண்மையாகவே நம்பினேன்.

அவள் உள்ளங்கையில் குளிசையை வைத்து நீட்டினாள். மற்றக் கையில் தண்ணி.

"நீ முதல் குடி."

மடமடவென்று பாதி குடித்தாள். மிச்சத்தை நீட்டினாள்.

குளிசையை நான் எடுக்கவில்லை. தண்ணியை மட்டும் குடித்தேன். ஆட்டோவில் ஏறினேன், வவுனியா போய்ச் சேரும்வரை அவளைத் திட்டிக்கொண்டு. ஒருவரும் என் கையைக் கட்டவில்லை.

இப்போது சுகம். ஆனால் இந்த உடம்பை முந்தி மாதிரி நம்புவதில்லை. எனக்குக் காலமும் மாதக்கணக்கில் போவதில்லை, மூன்று மூன்று இரவாகத்தான் போகிறது. என்னைப் போல வருத்தம் உள்ளவர்கள் சுகமாய் இருக்கும்போதே எழுதி வையுங்கள். எழுதின தாளையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அதை வைத்திருக்கிற ஆள் யார் என்று பாருங்கள்.

காலமைத் தேத்தண்ணியை இன்றும் மணந்துதான் பார்க்கிறேன். சுகந்தி கேளாமலே ஒரு மிடறு குடித்துவிட்டுத் தருகிறாள். எச்சில்தான். விரத நாளிலும் அதைத்தான் குடிக்கிறேன்.